அளவுகோல் யார் கையில்?

உடல் கொதித்தால் வெப்பமானியை நாவின் அடியில் வைத்துப் பார்க்கிறோம். பாதரசம் ஏறுகிறது; நூறு என்கிறது, நூற்றிரண்டு என்கிறது. படுத்திருப்பது ஆலை முதலாளியின் மகனா, அந்த ஆலையில் மூட்டை சுமப்பவரின் மகனா என்று அது கேட்பதில்லை. இந்தப் பிள்ளை நேற்று என்னை எதிர்த்துப் பேசியது, ஆகவே இரண்டு கோடு கூட்டிக் காட்டுவேன் என்று அது கறுவுவதில்லை. பாதரசத்திற்குக் கோபம் வராது, அலுப்புத் தட்டாது, முன்வரிசைப் பிள்ளைக்கு ஒரு கண், கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஒரு கண் என்னும் வஞ்சகம் அதனிடம் இல்லை. அதனாலேதான் அதை நம்புகிறோம்.

உள்ளம் கொதித்தால் எதை வைத்துப் பார்ப்பது? அஞ்சி அஞ்சிச் சாகும் சிறுவனின் அச்சத்திற்கு எத்தனை பாகை? தனித்தழும் சிறுமியின் துயரத்திற்கு எத்தனை பலம்? அதற்கும் அளவுகோல் கண்டுபிடித்திருக்கிறார்கள் அறிஞர்கள். அந்த அளவுகோலைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உங்களுடன் பேச விரும்புகிறேன். அரசியல் ஏட்டிலே மருத்துவர் பேச்சு எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளைகளை வகை பிரிக்கும் வேலை எதுவாயினும் அதில் அரசியல் இருக்கிறது. வகை பிரிக்கப்பட்டே வதைபட்ட மக்களின் வழிவந்த நமக்கு அதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

முதலில் அந்தக் கோல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அது ஒரு தாள், அவ்வளவே. ராபர்ட் குட்மன் என்னும் பிரிட்டன் நாட்டு மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்ட படிவத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 25 கூற்றுகள். அச்சம், கவலை முதலிய உணர்ச்சித் தொல்லைகள் பற்றி ஐந்து. சண்டை, பொய், சினம் முதலிய நடத்தைத் தொல்லைகள் பற்றி ஐந்து. நிலைகொள்ளாமை, கவனச் சிதறல் பற்றி ஐந்து. தோழமையில் ஏற்படும் இடர் பற்றி ஐந்து. பிறர்க்கு உதவும் நற்பண்பு பற்றி ஐந்து. ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை. ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். 0, 1, 2 என்று எண் போட்டு, நற்பண்பை விலக்கி மற்ற இருபதையும் கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு தொகை வரும். தொகை ஏற ஏறத் தொல்லை மிகுதி என்று பொருள். எண்பதுக்கு மேற்பட்ட மொழிகளிலே அந்தப் படிவம் பெயர்க்கப்பட்டிருக்கிறது, தமிழிலும் உண்டு. அமெரிக்காவிலே தாமஸ் ஆக்கன்பாக் வகுத்த பட்டியல் நூற்றுக்கு மேற்பட்ட கூற்றுகள் கொண்டது. கீத் கோனர்ஸ் 1969-ல் ஆசிரியர்களுக்கென்று வெளியிட்டதில் 39. எண்ணிக்கை மாறுமே தவிர, எல்லாவற்றிற்கும் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளையை அறிந்த ஒருவர், பிள்ளையைப் பற்றிக் குறியிடுகிறார்.

இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும், தோழர்களே! பாதரசம் இருந்த இடத்திலே இப்போது ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். தாய் அமர்ந்திருக்கிறாள், ஆசிரியர் அமர்ந்திருக்கிறார். அவருக்குக் கோபம் வரும். அவருக்கு அலுப்புத் தட்டும். அவருக்கு ஊர் உண்டு, தெரு உண்டு, ஊரும் தெருவும் கற்றுக்கொடுத்த விருப்பு வெறுப்பும் உண்டு. அவர் இடும் குறி பிள்ளையைக் காட்டுகிறதா, இட்டவரைக் காட்டுகிறதா?

இந்த ஐயம் புதிதன்று. 1928-ல் அமெரிக்காவில் ஈ. கே. விக்மன் என்பவர் இதையே ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பிள்ளைகளின் குறைபாடுகளில் எது பெரிது, எது சிறிது என்று ஆசிரியர்களைக் கேட்டார். மனநல வல்லுநர்களையும் கேட்டார். திருட்டு, பொய், கீழ்ப்படியாமை போன்றவை பெருங்கேடு என்றனர் ஆசிரியர்கள். ஒதுங்கி நிற்றல், மகிழ்ச்சியின்மை, அச்சம், ஐயுறவு ஆகியவையே பெருங்கேடு என்றனர் வல்லுநர்கள். இரு சாராரிடமும் ஒரே வகையாகக் கேள்வி கேட்கப்படவில்லை என்று பின்வந்தோர் அந்த ஆய்வைக் குறை கூறியதுண்டு. அது நியாயமான குறைதான். ஆயினும் அவர் தொட்டுக் காட்டிய இடம் மெய்யான இடம். வகுப்பைக் கலைப்பவன் கண்ணில் படுகிறான். தானே கலைந்து கிடப்பவன் கண்ணில் படுவதில்லை. பலகை தட்டுபவன் பெயர் தலைமையாசிரியர் அறை வரை போகிறது. மூலையில் அமர்ந்து நகம் கடிக்கும் சிறுமிக்கு 'அடக்கமான பெண்' என்று நற்சான்று கிடைக்கிறது!

அடுத்து, பிரிட்டனின் தென்கரையில் இருக்கும் வைட் தீவுக்கு வாருங்கள். 1964, 1965 ஆண்டுகளில் மைக்கேல் ரட்டரும் அவருடைய துணைவர்களும் அத்தீவில் இருந்த 10, 11 வயதுப் பிள்ளைகள் அனைவரையும் கணக்கெடுத்தனர். மருத்துவமனை வாயிலுக்கு வந்தவரை மட்டும் எண்ணாமல், வராதவரையும் வீடு தேடிச் சென்று எண்ணினர். பெற்றோருக்கு ஒரு படிவம், ஆசிரியருக்கு ஒரு படிவம். எண் மிகுதியாக வந்த பிள்ளைகளை மருத்துவர்கள் நேரில் கண்டு ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பிள்ளைகள் மனத்தொல்லையால் துன்புற்றனர் என்று தெரிந்தது. அவர்களில் மிகப் பலர் அதுவரை எந்த மருத்துவரிடமும் போகாதவர்கள். பின்னர் அதே முறையில் உள் இலண்டனின் நெருக்கமான பகுதி ஒன்றிலே கணக்கெடுத்தனர். அங்கே தொல்லை ஏறத்தாழ இருமடங்கு! தீவுப் பிள்ளையின் இரத்தம் வேறு, நகரப் பிள்ளையின் இரத்தம் வேறு என்பதாலா? அன்று. வீட்டிலே சச்சரவும், இடநெருக்கடியும், நிலையாத ஆசிரியர்களைக் கொண்ட பள்ளியும் எங்கே மலிந்திருந்தனவோ, அங்கே பிள்ளையின் துன்பமும் மலிந்திருந்தது.

அந்தத் தீவிலே இன்னொன்றும் புலப்பட்டது. பெற்றோர் படிவத்தில் எண் மிகுந்த பிள்ளைகள் வேறு. ஆசிரியர் படிவத்தில் எண் மிகுந்த பிள்ளைகள் பெரும்பாலும் வேறு. இரண்டிலும் இடம்பெற்றோர் சிலரே. 1987-ல் ஆக்கன்பாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 119 ஆய்வுகளைத் திரட்டி இதைக் கணக்கிட்டனர். இருவர் கருத்து முழுதும் ஒத்தால் 1, தொடர்பே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கும் தந்தைக்கும் இடையே ஒற்றுமை 0.60. பெற்றோர், ஆசிரியர் போன்று வெவ்வேறு இடத்தில் பிள்ளையைக் காண்போரிடையே 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் பிறர் அப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கும் இடையே 0.22!

பார்த்தீர்களா! ஒரே பிள்ளை, மூவர் தீட்டிய மூன்று படம். இதைக் கொண்டு, "அளவுகோல் பொய், குப்பையில் எறி" என்று கூறலாமா? கூடாது. வீட்டில் வாயாடும் பிள்ளை பள்ளியில் ஊமையாவதை நாம் கண்டதில்லையா? பள்ளியில் முரடன் என்று பெயர் பெற்றவன் வீட்டில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உறங்குவதை அறிய மாட்டோமா? மூவரும் உண்மையே சொல்கிறார்கள்; அவரவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த உண்மையைச் சொல்கிறார்கள். எண் என்பது ஒரு சாட்சியின் வாக்குமூலம். வாக்குமூலத்தைக் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். மற்றச் சாட்சிகளையும் அழைக்க வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் மன்றத்தை நீதிமன்றம் என்று எவரும் அழைப்பதில்லை.

இந்த நாட்டில் இதற்கு எதிராக இரண்டு கூட்டத்தார் நிற்கின்றனர். இருவருக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

முதற் கூட்டத்தார் பழமை பேசுவோர். "பிள்ளைக்கு மனநோயாம், அதை அளக்கக் காகிதமாம்! எங்கள் காலத்தில் ஏது இதெல்லாம்? அடியாத மாடு படியாது" என்பார்கள். மாட்டுக்குச் சொன்ன பழமொழியை மகனுக்குச் சொல்லும் இவர்களுக்கு நாட்டின் சட்டமே விடை கூறியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "எங்கள் காலத்தில் இல்லை" என்பதும் மெய்யன்று. இருந்தது, எண்ணுவார் இல்லை. பேய் என்றார்கள், பிடித்துக்கொண்டது என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், தலையெழுத்து என்று தள்ளினார்கள். 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளோரில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூவர்! அந்த மூவரையும் தேடிப் பார்க்க ஒரு கருவி வேண்டாமா? மூலையில் அமர்ந்த சிறுமி தானாக எழுந்து வந்து தன் துயரைச் சொல்லமாட்டாள். "இப்பிள்ளைக்குக் கவலை மிகுதியா? அடிக்கடி வயிற்றுவலி என்கிறதா?" என்று ஒரு தாள் கேட்கும்போதுதான், ஆசிரியரின் பார்வை அந்த மூலைக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பம் ஒன்றுக்காகவே அந்தத் தாளுக்கு நன்றி சொல்லலாம்.

இரண்டாம் கூட்டத்தார் புதுமை பேசுவோர். எண்ணைக் கண்டால் கும்பிடுவோர். "தொகை 17-க்கு மேல் வந்துவிட்டதா? நோயாளி. எழுது சீட்டை" என்பார்கள். இவர்களுக்கு ஒரு சிறு கணக்குப் போதும். கணக்குக்காகவே சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள். அவர்களில் 70 பேருக்கு மெய்யாகவே தொல்லை உண்டு. நம் கையிலுள்ள படிவம் மிக நல்ல படிவம். தொல்லை உள்ளோரில் பத்துக்கு எட்டுப் பேரைக் கண்டுபிடிக்கும். தொல்லை இல்லாதோரில் பத்துக்கு ஒருவரை மட்டுமே தவறாகச் சுட்டும். அப்படியானால் 70 பேரில் 56 பேர் கண்டுபிடிக்கப்படுவர். 14 பேர் தப்பிப் போவர். மீதி 930 பேரில் 93 பேர் தவறாகச் சுட்டப்படுவர். சுட்டப்பட்டோர் மொத்தம் 149. அவர்களில் தொல்லை உள்ளோர் 56, இல்லாதோர் 93! நல்ல கருவியே, சுட்டப்பட்ட ஐவரில் மூவரைத் தவறாகச் சுட்டுகிறது. இது கருவியின் குற்றமன்று. சலித்தெடுப்பது சல்லடையின் வேலை. மேலே நின்றதை எல்லாம் கல் என்று எறிந்துவிட்டால் குற்றம் சல்லடையுடையதா, சலித்தவருடையதா?

கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் மாநிலம். அங்கே பள்ளியில் சேர்க்கும் வயதுக் கணக்கு டிசம்பர் 31-உடன் முடிகிறது. ஆகவே டிசம்பரில் பிறந்த பிள்ளைதான் வகுப்பிலேயே இளையது. சனவரியில் பிறந்தது மூத்தது. ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் ஏடுகளை ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டனர். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட கோளாறு என்று முத்திரை குத்தப்படும் வாய்ப்பு, சனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்களுக்கு 30 விழுக்காடு மிகுதி. பெண் பிள்ளைகளில் 70 விழுக்காடு மிகுதி! என்ன பொருள்? பதினொரு மாதம் இளைய பிள்ளை பதினொரு மாதம் இளைய பிள்ளையாக நடந்துகொண்டது. அதற்கு நோய் என்று பெயரிட்டு மருந்தும் கொடுத்தார்கள். பிறந்த மாதம் நோயாயிற்று! பிறந்த நேரத்தைக் கொண்டு வாழ்வைக் கணிக்கும் சோதிடத்தை எள்ளி நகையாடும் நாம், வெள்ளை அங்கி அணிந்து வரும் சோதிடத்தை மட்டும் வணங்கலாமா? கோனர்ஸ் பெயரை முன்பே சொன்னேனே, அவர் தம் வாழ்நாளின் பிற்பகுதியில், இந்த நோய்ப்பெயர் அளவுகடந்து சூட்டப்படுகிறது என்று 2013-ல் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். கோலைச் செய்தவரே கோல் தவறாகப் பிடிக்கப்படுவதைக் கண்டு கலங்கினார்.

அறிவை அளக்கும் கோல் என்று இதற்கொரு அண்ணன் உண்டு. அவன் செய்த கொடுமையையும் கேளுங்கள். கலிபோர்னியாவில் அறிவுத் தேர்வு எண்ணைக் காட்டிக் கறுப்பினப் பிள்ளைகளை மந்தபுத்தியினர் வகுப்புக்குத் தள்ளினார்கள். மாணவர் தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கறுப்பினத்தார்; அந்த வகுப்புகளிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! பெற்றோர் 1971-ல் வழக்காடத் தொடங்கினர். 1979-ல் நீதிமன்றம் அந்த முறை பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அதே 1971-ல் இலண்டனில் பெர்னார்ட் கோர்ட் என்னும் மேற்கிந்தியத் தீவு ஆசிரியர் சிறு நூலொன்று எழுதி, மேற்கிந்தியப் பிள்ளைகள் எப்படிக் குறைமதியர் பள்ளிகளில் கொண்டுபோய்க் கொட்டப்படுகின்றனர் என்று அம்பலப்படுத்தினார். எண் வந்தது, எண்ணுக்குப் பின்னால் நிறவெறியும் வந்தது.

தோழர்களே, இதெல்லாம் கடல் கடந்த கதை என்று விட்டுவிட முடியுமா? 1953-ல் நம் மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட கல்வித் திட்டத்தை நினைவுகூருங்கள். பாதி நாள் பள்ளி, பாதி நாள் தந்தையின் தொழில் என்றார்கள். பிள்ளை எதற்குத் தகுதி என்பதை அதன் பிறப்பைப் பார்த்து முடிவு செய்யும் அளவுகோல் அது. குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் அது ஒழிந்தது. அன்று பிறப்பு என்ற கோலை ஒடித்தோம். நாளை எவரேனும், "இவன் முரடன் என்று படிவம் சொல்கிறது, இவள் படிப்புக்கு ஆகாதவள் என்று எண் சொல்கிறது, தனியே உட்கார வை" என்று கிளம்பினால், பழைய கோல் புதிய உறை போட்டு வருகிறது என்று அடையாளம் காணும் கண் நமக்கு வேண்டும். நெற்றியில் எழுதியதாகச் சொன்ன எழுத்தை மறுத்தவர்கள், தாளில் எழுதிய எழுத்தை ஆராயாமல் ஏற்றுக்கொள்வதா?

மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சொல்லைப் பெயர்த்துவிடலாம், அதன் அளவைப் பெயர்க்க முடியாது. 'அடிக்கடி' என்றால் வாரத்துக்கு எத்தனை முறை? இலண்டன் தாய்க்குத் துடுக்கு எனத் தோன்றுவது இங்கே சுறுசுறுப்பாகத் தோன்றலாம். அங்கே தன்மானம் எனப்படுவது இங்கே எதிர்த்துப் பேசுதல் ஆகலாம். இந்தியா, வங்கதேசம், பிரேசில், பிரிட்டன், நார்வே, ருசியா, ஏமன் ஆகிய ஏழு நாடுகளின் பிள்ளைகளைக் கொண்டு 2012-ல் வெளிவந்த ஆய்வொன்று, குட்மன் படிவத்தின் எண்ணில் நாட்டுக்கு நாடு காணும் வேறுபாடு, நோயில் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. அந்தந்த மக்களுக்குரிய எல்லைக்கோடு வேண்டும் என்று கூறிற்று. பிரிட்டன் பிள்ளைகளை அளந்து போட்ட கோட்டைப் பெரம்பலூர்ப் பிள்ளையின் தலைமேல் போடுவது அறிவியலாகாது. நம் நாட்டிலும் இதற்கு முயன்றோர் உண்டு. சண்டிகரில் சவிதா மல்கோத்ராவும் உடனிருந்தோரும், ஆக்கன்பாக் பட்டியலை அடியொற்றி, இந்தியப் பெற்றோரை நேரில் கேட்டு நிரப்பத்தக்க 75 கூற்றுகள் கொண்ட பட்டியலை 1988-ல் வெளியிட்டனர். படிக்கத் தெரியாத தாயும் விடை சொல்ல வழி செய்தது அது. அந்த வழியில் தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டு, சிற்றூர், பேரூர், சேரி, மலையூர் எங்கும் சென்று அளந்து, தமிழில் சரிபார்த்த கோல் வேண்டுமென்று கேட்பது நம் உரிமை.

இனி, இந்தக் கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மலைப்பாங்கான மேற்குப் பகுதி. 1993 முதல் அங்கே 1,420 பிள்ளைகளை ஆண்டுதோறும் நேர்காணல் செய்து, மன அறிகுறிகளை எண்ணி வந்தார் ஜேன் காஸ்டெல்லோ என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும். பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் செரோக்கி என்னும் பழங்குடியினர். மண்ணின் மைந்தராயிருந்து மண்ணை இழந்தவர்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, 1996-ல், பழங்குடியினரின் நிலத்தில் சூதாட்ட மாளிகையொன்று திறக்கப்பட்டது. சூதாட்டத்தை நான் போற்றவில்லை, நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அதன் வருவாயில் ஒரு பங்கைப் பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்துக் கொடுத்தார்கள். எவருடைய தகுதியையும் சோதிக்கவில்லை. எவரையும் வரிசையில் நிற்க வைத்து இழிவுபடுத்தவில்லை. அதனால் பழங்குடிக் குடும்பங்களில் நூற்றுக்கு 14 வறுமைக்கோட்டைத் தாண்டின.

விளைவு என்ன? மாளிகை திறக்குமுன், தொடர்ந்து ஏழைகளாயிருந்தோரின் பிள்ளைகளுக்கு அறிகுறிகள் சராசரி 4.38, பின்னர் வறுமையிலிருந்து மீண்டோரின் பிள்ளைகளுக்கு 4.28; ஏழ்மையே அறியாதோரின் பிள்ளைகளுக்கு 2.75. திறந்தபின், வறுமையிலிருந்து மீண்ட குடும்பத்துப் பிள்ளைகளின் எண், ஏழ்மை அறியாதோரின் எண்ணுக்கு இறங்கிவிட்டது! மீளாதவர்களின் எண் மீளவில்லை. அதே காலத்தில் வேறு வழியால் வறுமை தாண்டிய மற்ற இனத்துப் பிள்ளைகளிடமும் அதே விளைவு. பெற்றோர்க்குப் பிள்ளைமேல் கண் வைக்க நேரம் கிடைத்தது. அதுவே முதன்மையான காரணம் என்று 2003-ல் வெளியிட்ட முடிவில் ஆய்வாளர் எழுதினர்.

'முரட்டுத்தனம்', 'அடங்காமை' என்று எந்தக் குணத்தைப் பிள்ளையின் பிறவிக்குணம் என்கிறார்களோ, அது வீட்டின் வருமானம் ஏறியபோது இறங்கிற்று. தந்தை மாறவில்லை, தாய் மாறவில்லை, குருதி மாறவில்லை; அடுப்பங்கரை மாறிற்று. ஆனால் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சமும் சோர்வும் அப்படிக் குறையவில்லை. பணம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. மருத்துவர் வேண்டிய இடத்தில் மருத்துவரே வேண்டும். எது எங்கே தீர்ந்தது, எது தீரவில்லை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது எதனால்? ஆண்டுதோறும் பொறுமையோடு அளந்ததனால்! கோலின் பெருமை அதுதான். பிள்ளைமேல் வைத்த கோல், கடைசியில் சமுதாயத்தை அளந்து காட்டிற்று.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைப் படிவம் வருமுன்னே உணர்ந்த மண் இது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு கொடுக்க முன்வந்தது. 1956-ல் அது மாநிலத் திட்டமாயிற்று. 1982-ல் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் பள்ளிக்கு வந்தது. வெறும் வயிற்றோடு வந்த சிறுவன் முதல் பாடவேளையில் நெளிகிறான், சன்னலைப் பார்க்கிறான், பக்கத்துப் பிள்ளையோடு சண்டையிடுகிறான். படிவத்தில் 'நிலைகொள்ளாமை' என்பதற்கு எதிரே இரண்டு என்று விழும். அந்தப் படிவத்தில் 'பசி' என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. தந்தை குடித்துவிட்டு வந்து அடித்த இரவுக்கு ஒரு கட்டம் இல்லை. சாதிப் பெயர் சொல்லி ஒதுக்கியவனுக்கு எதிரே ஒரு கட்டம் இல்லை. அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை இவை. பெற்றோர், ஆசிரியர், வளர்ந்த பிள்ளையாயின் அந்தப் பிள்ளை, மூவரையும் கேட்காமல் எந்த எண்ணும் எழுதப்படக் கூடாது. எண் மிகுந்தால் அடுத்த படி நேர்காணலே தவிர, நோய்ப்பெயர் அன்று. வகுப்பு மாற்றமும் அன்று. அளக்குமுன் ஆற்றுவதற்கு ஆள் வேண்டும். புண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மருந்தில்லை என்று கைவிரிப்பது கொடுமை. ஆதலால் ஒன்றியந்தோறும் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர் வேண்டும். நிரப்பிய தாள் பள்ளி ஆவணத்திலோ மாற்றுச் சான்றிதழிலோ ஏறக் கூடாது. அது பிள்ளையின் உடைமை. கோல் தமிழில் சரிபார்க்கப்பட வேண்டும்.

நீங்கள் செய்யத்தக்கதும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு இருக்கிறது; பெற்றோரே அதில் பெரும்பான்மை. அக்குழுவில் இருக்கும் தோழர்கள், எந்தப் படிவம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: நிரப்புவது யார்? எல்லைக்கோடு எவர் பிள்ளைகளை அளந்து போட்டது? எண் வந்தபின் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? மூன்றுக்கும் நேரான விடை வந்தால் வரவேற்று ஒத்துழையுங்கள்; தயங்கும் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். விடை வராவிட்டால் வரும்வரை விடாதீர்கள். உங்கள் தெருவில் 'அடங்காதவன்' என்று பெயர் வாங்கிய பிள்ளை இருந்தால் அவன் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பாருங்கள். 'அடக்கமானவள்' என்று பெயர் வாங்கிய பிள்ளை இருந்தால், அவள் அருகே அமர்ந்து ஒரு நாழிகை பேசிப் பாருங்கள்.

அளவுகோல் வேண்டும். அளவுகோலைத் தூக்கி எறியும் மூடத்தனமும் வேண்டாம். அதைத் தூக்கி வைத்துக் கும்பிடும் மூடத்தனமும் வேண்டாம். பிள்ளையை அளந்த கையை, பிள்ளை வாழும் வீட்டையும் பள்ளியையும் தெருவையும் அளக்கச் சொல்லுவோம். அளந்து கண்ட குறையைத் தீர்க்கும் பொறுப்பை ஆள்வோரிடம் கேட்டுப் பெறுவோம். படிவத்தில் விழும் ஒவ்வொரு எண்ணும் ஒரு குழந்தை நமக்கு எழுதிய மனு. மனுவைப் படித்துவிட்டு மனு எழுதியவரையே தண்டிப்பது மன்னராட்சியின் வழக்கம். மக்களாட்சியின் வழக்கம் மனுவுக்கு விடை தருவது.